ஜி.பி.யா, க்ரீவஸ் ஏஞ்சலா?
கையில் இருந்த காசுக்கு ஒரு எல்பிதான் வரும். பழைய இசைத்தட்டுப் பெட்டியைக் குடைந்தபோது அமெரிக்கப் பாடகர் கிராம் பார்சன்ஸின் இரண்டு தனி ஆல்பங்களும் அடுத்தடுத்து அகப்பட்டன: 1973 ஜனவரியில் வந்த ‘ஜி.பி.’, 1974 ஜனவரியில் வந்த ‘க்ரீவஸ் ஏஞ்சல்’. கன்ட்ரி இசையும் ராக்கும் கலந்த கன்ட்ரி ராக் பிரியர்களிடம் யோசனை கேட்டால் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் கைகாட்டுவார்கள். நான் முதலாவதை எடுத்து வந்தேன்.

பொதுவானதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். இரண்டும் ரிப்ரீஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் வெளியீடு. இரண்டிலும் பாடகி எமிலூ ஹாரிஸ் கூடப் பாடுகிறார். எல்விஸ் பிரஸ்லியின் குழுவிலிருந்து கிட்டாருக்கு ஜேம்ஸ் பர்டன், பியானோவுக்கு கிளென் டி. ஹார்டின், டிரம்ஸுக்கு ரோனி டட். பெடல் ஸ்டீல் என்னும் கிட்டார் வகைக்கு அல் பெர்கின்ஸ், பிடிலுக்கு பைரன் பெர்லைன். வாசிப்பில் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. வந்த புதிதில் இரண்டையும் சீந்த ஆளில்லை என்பதிலும் ஒற்றுமைதான்.

எனக்கு முடிவைச் சொன்னது கிராமின் குரல். அது பெரிய குரலே இல்லை. மெலிசு, மேலே போனால் நடுங்கும். ‘ஜி.பி.’யில் ‘ஷீ’ என்ற பாட்டைக் கேளுங்கள். பருத்தி விளையும் தெற்கத்தி மண்ணிலிருந்து வந்த, நன்றாகப் பாடக்கூடிய ஒரு பெண்ணைப் பற்றியது. பாடுகிறவரோ ஃபுளோரிடா ஆரஞ்சுத் தோட்ட முதலாளியின் பேரன்! ஆனாலும் போலியாகத் தெரியவில்லை. பியானோ நிதானமாக நடக்க, மேல் ஸ்வரத்தை எட்டிப் பிடிக்கப் போகிறார். குரல் அரை இழை பிசிறுகிறது. திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். கைதேர்ந்த வாத்தியக்காரர்களுக்கு நடுவே ஒருவர் துணையில்லாமல் நிற்கிறார். ‘ஹவ் மச் ஐவ் லைட்’ பாட்டிலும் அதே நிலைதான். எமிலூ இந்த ஆல்பத்தில் தேவைப்படும் இடத்தில் வந்து சேர்ந்துகொள்கிறார், அவ்வளவுதான்.

‘க்ரீவஸ் ஏஞ்சல்’ வேறு கணக்கு. அதில் கிராம் சறுக்கும் இடத்திலெல்லாம் எமிலூ தாங்கிப் பிடிக்கிறார். ‘லவ் ஹர்ட்ஸ்’ பாட்டில் இரண்டு குரலும் பின்னிக்கொள்வதை மறுத்துப் பேச என்னாலும் முடியாது. ஜோடிப்பாட்டு என்றால் அதுதான். ஆனால் நான் தேடிப் போனது அந்த ஒற்றைக் குரலை. அங்கே அது ‘பிராஸ் பட்டன்ஸ்’ பாட்டில்தான் எனக்கு முழுதாகக் கிடைத்தது. அதுவும் அவர் பல வருடங்களுக்கு முன்பே எழுதி வைத்திருந்தது. மொத்தம் ஒன்பதே தடங்கள். அதில் ஒன்று ஸ்டூடியோவில் பதிவுசெய்து, கைதட்டலையும் கூச்சலையும் ஒட்டி, வடக்கு கியூபெக் கச்சேரி என்று பெயர் போட்டது. வேடிக்கைதான், இரண்டாவது தடவை கேட்க எனக்குப் பொறுமையில்லை.

இன்னொன்று. 1973 செப்டம்பர் 19 அன்று கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீயில் கிராம் இறந்தபோது வயது 26. ‘க்ரீவஸ் ஏஞ்சல்’ வந்தது அதற்குப் பிறகு. ஆகவே அதன் கடைசிப் பாட்டான ‘இன் மை அவர் ஆஃப் டார்க்னெஸ்’ ஒலிக்கும்போது துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பது போலாகிவிடுகிறது. ‘ஜி.பி.’ அவர் உயிரோடிருந்து, அதற்காக ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போன தட்டு. ஞாயிற்றுக்கிழமை காபி ஆற்றிக்கொண்டே போடலாம். அட்டை விஷயத்திலும் ஒரு சங்கடம்: ‘க்ரீவஸ் ஏஞ்சல்’ அட்டையில் எமிலூவும் இருக்க வேண்டியது, கிராமின் மனைவி எமிலூவின் படத்தை நீக்க வைத்துவிட்டார். பாதி ஆல்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் முகப்பில் இல்லை.

‘ஜி.பி.’யும் குறையில்லாததல்ல. ‘க்ரை ஒன் மோர் டைம்’ பாட்டில் முன்குரல் பாரி டாஷியனுடையது; கிராமுக்காக வாங்கியவருக்கு அது ஏமாற்றம். கடைசிப் பாட்டு ‘பிக் மவுத் ப்ளூஸ்’ கொஞ்சம் சத்தம் மட்டும்தான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ‘ஜி.பி.’யை எல்பியில் கேட்கிறேன். ‘க்ரீவஸ் ஏஞ்சல்’ என்னிடம் இருப்பது, இரண்டையும் சேர்த்து 1990-ல் வந்த ஒற்றை சிடியில். என் தராசு அதனால் கொஞ்சம் சாய்ந்திருக்கலாம். காசுக்கு அந்த சிடிதான் லாபம். அதில் ‘ஜி.பி.’யின் கடைசியான பதினோராவது பாட்டு முடிந்த கையோடு அடுத்த ஆல்பம் தொடங்கிவிடும். அநேகமாக அந்த இடத்தில் நான் எழுந்து போய் நிறுத்திவிடுகிறேன்.