வெளிநடப்பா, டிவிஷனா? மசோதாவை மறிக்க எது உதவும்

எண்ணிக்கை கையில் இல்லாத எதிர்க்கட்சிக்கு, பிடிக்காத மசோதா வாக்கெடுப்புக்கு வரும்போது இரண்டு வழி உண்டு. கோஷம் போட்டு வெளியேறலாம். அல்லது இருக்கையிலேயே இருந்து டிவிஷன் (ஓட்டுகளை எண்ணிப் பதிவு செய்யும் வாக்கெடுப்பு) கேட்டு, எதிர்த்து வாக்களிக்கலாம். இந்திய நாடாளுமன்றத்தில் என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே: கோரம், அதாவது அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை. அரசமைப்புச் சட்டத்தின் 100(3) பிரிவுப்படி அவையில் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் இருந்தால் போதும். மக்களவைக்கு 55 பேர், மாநிலங்களவைக்கு 25 பேர். எதிர்க்கட்சி வரிசை மொத்தமும் காலியானாலும் அவை நடக்கும்.

வெளிநடப்பு நிஜமாகவே மசோதாவை நிறுத்துகிற இடம் அமெரிக்காவின் சில மாநிலங்கள். ஒரிகன் செனட்டில் 30 பேர். கோரம் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 20. 2019 ஜூனில் ஜனநாயகக் கட்சியிடம் இருந்தது 18 பேர். குடியரசுக் கட்சியினர் 11 பேர் வெளியேறியதும் கார்பன் வெளியேற்றத்துக்கு வரம்பு வைக்கும் மசோதா அந்தத் தொடரோடு செத்தது. ஒற்றைப்படை ஆண்டில் அங்கே கூட்டத்தொடர் 160 நாளில் முடிந்தாக வேண்டும் என்பதால், கடைசிப் பத்து நாளில் போனது பலித்தது. டெக்ஸாஸில் கதை வேறு. 2021 ஜூலையில் ஜனநாயகக் கட்சியினர் வாஷிங்டனுக்கே பறந்துபோய்க் கோரத்தை உடைத்தார்கள். ஆனால் ஆளுநர் 30 நாள் சிறப்புக் கூட்டத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் கூட்டலாம். ஆகஸ்டில் கோரம் திரும்பியது, தேர்தல் மசோதா நிறைவேறியது. விஸ்கான்சினில் 2011ல் இன்னும் வேடிக்கை: நிதி மசோதாவுக்குத்தான் 20 பேர் வேண்டும், ஆளுங்கட்சியிடம் 19. நிதி சம்பந்தப்பட்ட பகுதிகளை வெட்டி எடுத்துவிட்டு மீதியை நிறைவேற்றிக்கொண்டார்கள்.

நம் நாடாளுமன்றத்துக்கு வருவோம். இங்கே விஷயத்தைத் தீர்மானிப்பது வகுக்கும் எண். சாதாரண மசோதாவுக்கு ‘வந்திருந்து வாக்களித்தவர்களில்’ பெரும்பான்மை போதும். எதிர்க்கிறவர் வெளியேறினால் அவரை அந்தக் கணக்கே மறந்துவிடும். ஆளுங்கட்சிக்குத் தேவையான எண்ணிக்கையும் அந்த அளவுக்கு இறங்கும். 2019 ஜூலை 30 அன்று முத்தலாக் மசோதா மாநிலங்களவையில் 99க்கு 84 என்று நிறைவேறியது. மசோதாவை ஏற்கவில்லை என்று பேசிய அதிமுகவும் ஐக்கிய ஜனதா தளமும் வெளிநடப்பு செய்திருந்தன. வித்தியாசம் வெறும் 15.

அரசமைப்புத் திருத்தத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். அங்கே இரண்டு தடை: மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் (மக்களவையில் 272), அதோடு வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. 2024 டிசம்பர் 17 அன்று ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை அறிமுகம் செய்யும்போது டிவிஷன் நடந்தது. ஆதரவு 269, எதிர்ப்பு 198. அறிமுகத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்பதால் அது தேறியது. ஆனால் அதே எண்களை நிறைவேற்றும் கட்டத்துக்கு வைத்துப் பாருங்கள். வாக்களித்தவர்கள் 467, மூன்றில் இரண்டு பங்கு 312. அரசுக்கு 43 ஓட்டுக் குறைகிறது. அந்த 198 பேரும் வெளியே போயிருந்தால்? இரண்டாவது தடை காணாமல் போயிருக்கும். முதல் தடையான 272க்குக் குறைவது மூன்றே ஓட்டு. மஞ்சள் பொத்தானை அழுத்தி நடுநிலை வகிப்பவரும் கணக்கில் வராதவர்தான்.

டிவிஷனுக்கும் நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. முதலில் குரல் வாக்கெடுப்பு நடக்கும். முடிவை அவைத்தலைவர் அறிவிக்கும் அந்தக் கணமே ஆட்சேபித்து டிவிஷன் கேட்க வேண்டும். மக்களவையில் லாபியைக் காலி செய்ய மணி அடித்து, மூன்றரை நிமிடம் கழித்துக் கேள்வியை மறுபடி வைப்பார்கள். அதற்குள் நம் ஆட்கள் உள்ளே வந்து சேர வேண்டும், பிறகு கதவு மூடிவிடும். பெரும்பாலும் கோட்டை விடுவது இருக்கையை. மையப்பகுதியில் நின்று கத்திக்கொண்டே டிவிஷன் கேட்டால், இருக்கையில் இல்லை என்று தட்டிக்கழிக்க இடம் கொடுத்ததாகிவிடும். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களில் நடந்த சண்டையே இதைப் பற்றித்தான்: இருக்கையிலிருந்து கேட்டோம் என்றது எதிர்க்கட்சி, இல்லை என்றது அவைத்தலைமை. மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே போயின. மறுநாள் எட்டு எம்பிக்கள் இடைநீக்கம். எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்தன. 23ஆம் தேதி மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எதிர்க்குரலே இல்லாமல் நிறைவேறின.

கொறடா உத்தரவு போட்டிருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எதிர்த்து வாக்களிக்கச் சொல்லியிருக்கும்போது தனியாக வெளியேறுவதும் கட்சித் தாவல் தடைச் சட்டமான பத்தாவது அட்டவணைப்படி உத்தரவு மீறலே. கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவிக்கே ஆபத்து.

வெளிநடப்பால் மக்களிடம் எவ்வளவு ஆதரவு திரளும் என்பதை இப்படி எண்ணிச் சொல்ல முடியாது. தோற்பது நிச்சயம் என்ற மசோதாவில் அதற்கும் ஒரு மதிப்பு இருக்கலாம். அப்படிப் போவதானாலும் திருத்தங்களை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் டிவிஷன் கேட்டு, இறுதி வாக்கெடுப்பின் எண்ணிக்கை பதிவானபின் போகலாம். கேமரா அப்போதும் வாசலில்தான் நிற்கும்.