டயட்டம்: வரைவதா, அடுக்குவதா?

அடையாறு கரையோரக் கல்லில் ஒட்டியிருக்கும் பழுப்பு வழவழப்பைக் கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள், சிலிக்காவால் கண்ணாடி வீடு கட்டிக்கொண்ட ஒற்றைச் செல் பாசிகள், அதாவது டயட்டம்கள், தென்படும். இவற்றைக் கலையாக்க இரண்டு வழி உண்டு.

ஒன்று வரைவது. ஜெர்மனியின் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் 1899 முதல் 1904 வரை வெளியிட்ட 100 படங்களில் டயட்டமும் இருக்கிறது, நன்னீர்ப் பாசியான டெஸ்மிடும் இருக்கிறது. அழகுதான், ஆனால் எல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். ஆற்று நீரில் உடைந்ததும் கோணலானதும்கூட இருக்கும்.

இன்னொன்று, டயட்டம்களின் அந்தக் கண்ணாடி ஓடுகளையே அடுக்குவது. 19ஆம் நூற்றாண்டில் மோல்லர் என்ற ஜெர்மானியர் ஒரே கண்ணாடித் தகட்டில் 4,000க்கும் மேற்பட்டவற்றை வரிசைப்படுத்தினார். நம் காலத்தில் இங்கிலாந்தின் கிளவுஸ் கெம்ப் அதே வேலையைச் செய்தார். முடி போன்ற மெல்லிய ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, பசையில் வைக்க வேண்டும், பக்கத்தில் யாராவது தும்மினால் போச்சு. முடிந்ததும் பார்த்தால் அசல் மார்கழிக் கோலம், வெறும் கண்ணுக்கு ஒரு தூசி!

எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். ஆனால் ஓடுகளைச் சுத்தம் செய்ய அமிலம் வேண்டும், அதை எங்கள் ஃபிளாட் சமையலறையில் வைத்தால் அம்மா என்னையே வெளியே வைத்துவிடுவார். அதனால் இப்போதைக்குப் பென்சில்தான், கோணல்களையும் சேர்த்து.