உப்புக்காத்துல எது நிக்கும்? சோழமண்டலம் ஓவியமா, மாமல்லபுரம் கல்சிலையா?

நீலாங்கரைல வீடு கட்டி முடிச்சப்போ ஹாலுக்குன்னு ஒரே ஒரு நல்ல பொருள் வாங்கிடணும்னு நானும் என் மனைவியும் பேசி வெச்சிருந்தோம், பட்ஜெட் ஒரு லட்சத்துக்குள்ள. கடைல போய் பிரிண்ட் வாங்க ரெண்டு பேருக்குமே மனசு வரல, ஏன்னா நாங்க இருக்கறது ஈசிஆர்ல, கொஞ்சம் தெக்க போனா ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமம், அப்படியே இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல போனா மாமல்லபுரம், கை வேலை செய்யறவங்க இவ்வளவு கிட்ட இருக்கறப்போ பிரிண்ட் எதுக்கு? நடுவுல முட்டுக்காடுல தட்சிணசித்ரா அருங்காட்சியகமும் இருக்கு, 1996ல திறந்தது, தென் மாநிலங்களோட பழைய வீடுகளப் பிரிச்சு எடுத்துட்டு வந்து அப்படியே திரும்பக் கட்டி வெச்சிருக்காங்க, பசங்களக் கூட்டிட்டுப் போக அதுதான் பெஸ்ட். ஆனா நாங்க தேடினது வீட்டுக்குள்ள வெக்கற ஒரு பொருள், அதனால கடைசில போட்டி ரெண்டுக்கும்தான்: சோழமண்டலத்துல ஒரு ஓவியம், இல்லன்னா மாமல்லபுரத்துல ஒரு கல்சிலை.

நாங்க கல்லுதான் வாங்கினோம், அத முதல்லயே சொல்லிடறேன். மூணு மழைக்காலம் ஆச்சு. ஏன் அப்படி முடிவு பண்ணோம்ங்கறதுதான் இங்க சொல்ல வந்த விஷயம்.

விலை, பார்க்கிங், போக்குவரத்து இதெல்லாம் ரெண்டு இடத்துக்கும் பெரிய வித்தியாசமில்ல. ரெண்டு இடத்துலயும் பத்தாயிரத்துக்கும் கிடைக்கும், பல லட்சத்துக்கும் கிடைக்கும்.

சோழமண்டலத்துக்கு நாங்க மூணு தடவ போனோம். அந்த இடத்தோட கதையே தனி. எழும்பூர் பக்கம் இருக்கற ஓவியக் கல்லூரி 1850ல தொடங்கினது, அங்க பிரின்சிபாலா இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தன்னோட மாணவர்கள், கூட இருந்த கலைஞர்களச் சேத்துக்கிட்டு 1966ல கடலோரமா மணல் காட்டுல நிலம் வாங்கி இந்த கிராமத்த ஆரம்பிச்சார். நிலம் வாங்கின காசு எப்படி வந்ததுன்னா பாத்திக் துணி, அதாவது மெழுகு வெச்சு சாயம் போட்ட துணி வித்து! படம் வரஞ்சு மட்டும் சோறு சாப்பிட முடியாத காலம் அது, அதனால பகல்ல கைவினைப் பொருள் செஞ்சு வித்து, மத்த நேரத்துல தன்னோட சொந்த வேலையப் பாத்தாங்க. இந்த மாதிரி சென்னைக் கலைஞர்களோட நவீன கலை இயக்கத்ததான் மெட்ராஸ் மூவ்மெண்ட்னு சொல்றாங்க, அதுக்கு இப்ப அங்க ஒரு மியூசியம் இருக்கு, 2009ல திறந்தது. பணிக்கரோட 'சொற்களும் குறியீடுகளும்'ங்கற ஓவிய வரிசைல நம்ம ஜாதகக் கட்டம் மாதிரி, ஏட்டுச்சுவடி மாதிரி எழுத்தும் கோடுமா நிறைஞ்சிருக்கும், ஆனா படிக்க முடியாது, படிக்கறதுக்கு இல்ல. கே. ராமானுஜம்னு ஒருத்தர், 1973ல சின்ன வயசுலயே போயிட்டார், இங்க்ல அவர் போட்ட கனவு ஊர்களப் பாத்தா எவ்வளவு நேரம் வேணா நிக்கலாம். என் மனைவிக்கு அங்கருந்து வெளிய வரவே மனசில்ல. கேலரில ஒரு கேன்வாஸ் எங்களுக்குப் பிடிச்சும் போச்சு, நீலமும் செங்காவியும் கலந்தது, விலையும் பட்ஜெட்டுக்குள்ள. வாங்கிருப்போம்.

வாங்க விடாம தடுத்தது எங்க வீட்டு ஜன்னல் கீல்.

கடல் எங்க வீட்லேந்து ஐநூறு மீட்டர் இருக்கும். கேட்டுக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கறோம், ஏசியோட வெளி யூனிட் ஒரு தடவ மாத்தியாச்சு, ஜன்னல் கீல் ரெண்டே வருஷத்துல பொடிப்பொடியா உதிந்துச்சு. காத்துல வர்ற உப்பு எங்க உக்காந்தாலும் ஈரத்த இழுத்துக்கும், வெயில்ல காயும், ராத்திரி திரும்ப ஈரமாகும், இது தினம் நடக்கற வேலை. கல்யாணத்துக்கு வந்த ஒரு காகித ஓவியத்த நாங்க கண்ணாடி போட்டு கடல் பக்கத்து சுவத்துல மாட்டிருந்தோம், முதல் ஐப்பசி கார்த்திகை மழையிலேயே ஓரத்துல பழுப்புப் புள்ளி விழ ஆரம்பிச்சுது, தை மாசம் எடுத்துப் பாத்தா காகிதம் கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது, பின்னாடி அட்டை முழுக்க பூஞ்சை. பிரிச்சு எடுக்கறப்போ ஒரு முகத்தோட பாதி கண்ணாடிலயே தங்கிடுச்சு. அன்னிக்கு என் மனைவி அழுதா.

அதுக்கப்புறம் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது நிறைய. கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவுல இடைவெளி விடணும், வெளிச்சுவத்துல மாட்டவே கூடாது, மாட்டினா ஃபிரேம் பின்னாடி நாலு மூலைலயும் கார்க் துண்டு ஒட்டி காத்து போக வழி பண்ணணும். கேன்வாஸ் ஈரத்துல தொய்யும், வெயில்ல இறுகும், அப்படி ஏறி இறங்கியே வருஷக்கணக்குல மேல இருக்கற வண்ணத்துல மயிர்க்கோடு மாதிரி விரிசல் விடும். ஈரத்துணியால துடைக்கக் கூடாது, மென்மையான பிரஷ்ஷால தூசி தட்டறதோட சரி. அந்த ரூம்ல ஒரு நாள் ஏசி, மறுநாள் ஜன்னல் திறந்துன்னு மாத்தி மாத்தி வெச்சா அது இன்னும் மோசம். சென்னைக்கு உள்ள, அண்ணா நகர்லயோ கே.கே. நகர்லயோ இருக்கறவங்களுக்கு இதுல பாதி கவலை கிடையாது, நான் சொல்றது கடலுக்குப் பக்கத்துல குடியிருக்கறவங்களுக்கு. உலோகச் சிற்பம் வாங்கலாமேன்னு கேக்கலாம், சோழமண்டலத்துல செம்புத் தகட்ட அடிச்சு, பத்தவெச்சு ஒட்டி செய்யற வேலை ரொம்பப் பேரு வாங்கினது, அங்க இருந்த சிற்பி எஸ். நந்தகோபாலோட வேலைகளப் பாத்தா கோயில் கவசத்தப் புதுசா யோசிச்சுப் பாத்த மாதிரி இருக்கும். ஆனா செம்பும் உப்பும் சேந்தா பச்சை பூக்கும், அதத் தேச்சு எடுத்தா கலைஞர் விட்ட நிறமும் சேந்து போயிடும். அந்தப் பச்சையப் பிடிச்சவங்க தாராளமா வாங்கலாம்.

இப்ப கல்லுக்கு வர்றேன். கல்லு சாஸ்வதம்னு எல்லாரும் சொல்வாங்க, அது முழு உண்மை கிடையாது, மாமல்லபுரத்துலயே நேர்ல பாக்கலாம். கடற்கரைக் கோயில் சுத்துமதில் மேல இருக்கற நந்திகளப் பாருங்க, நிறைய நந்திக்கு மூக்கு முழி இல்ல, சோப்புக்கட்டி கரஞ்ச மாதிரி இருக்கும். அங்கேந்து நடந்து போற தூரத்துல அர்ஜுனன் தபசுங்கற பாறைச் சிற்பம், அதுல பூனை தவம் பண்றது, சுத்தி நிக்கற எலி, யானைக்குட்டி எல்லாம் இன்னும் தெளிவா தெரியும். ரெண்டுமே பல்லவர் காலம்தான், தபசு ஏழாம் நூற்றாண்டு, கோயில் எட்டாம் நூற்றாண்டு. கடல் முகத்துல அடிக்கறதுதான் வித்தியாசம். கல்லோட நுண்துளைல உப்புத்தண்ணி இறங்கி, காஞ்சு, உப்பு படிகமாகறப்போ மேல்தோல தள்ளி உதிர்த்துடும். தொல்லியல் துறை அங்க காகிதக் கூழ நனைச்சு சுவத்துல அப்பி, காஞ்சதும் எடுக்கறாங்க, உப்பு கூழுக்கு இறங்கிடும். கடல் பக்கமா சவுக்கு மரமும் கருங்கல் தடுப்பும் போட்டதும் இதுக்குத்தான்.

சரி, கல்லுக்கும் இந்த வியாதி உண்டுன்னா எதுக்கு கல்லு? ஏன்னா அங்க ஆயிரத்து முன்னூறு வருஷமா வெட்டவெளில நடந்தது, வீட்டுக்குள்ள கூரைக்குக் கீழ இருக்கற கருங்கல்லுக்கு எங்க ஆயுசுல ஒண்ணும் ஆகப் போறதில்ல, அதோட அதுக்கான வைத்தியமும் நல்ல தண்ணிதான். மாசத்துக்கு ஒரு தடவ பக்கெட்ல கார்ப்பரேஷன் தண்ணி எடுத்து தேங்காநாரால தேச்சுக் கழுவி விடறோம், எங்க போர் தண்ணி உப்பு, அதுல கழுவறதில்ல. அவ்வளவுதான் மெயின்டெனன்ஸ்.

கல்லு தேர்ந்தெடுக்கறதுலதான் கவனம் வேணும். ஊருக்குள்ள ஐந்து ரத சாலைல பட்டறை பட்டறையா போனோம், கிரைண்டர் சத்தமும் வெள்ளைத் தூசியுமா இருக்கும், ஆனா முகம், விரல் வர்ற இடத்துல இன்னும் உளியும் சுத்தியும்தான். ஒரு பட்டறைல இருந்த பெரியவர்கிட்ட எங்க வீடு கடல் பக்கம்னதும், "அப்படின்னா மாக்கல்லு வேணாம் சார், கருங்கல்லே எடுங்க, மாக்கல்லு நகத்தால கீறினாலே விழும்"னு அவரே சொன்னார். சில கடைல மாக்கல்லுக்கு கறுப்பு மெழுகு பூசி கருங்கல் மாதிரி வெச்சிருப்பாங்க, அடில திருப்பிப் பாத்தா வெளுப்பா தெரிஞ்சிடும். அப்புறம் அவர் சின்ன சுத்தியால ஒரு கல்லத் தட்டினார், வெண்கல மணி மாதிரி கணீர்னு ஒரு சத்தம், பக்கத்துக் கல்ல தட்டினா சப்புன்னு ஒரு சத்தம். "உள்ள ஓட்டம் இருக்கு சார், விரிசல். இதுல சாமி செய்யமாட்டோம்."

என் மனைவிக்கு ஒரு தயக்கம் இருந்துச்சு, சரியான தயக்கம்தான். சோழமண்டலத்துல வாங்கினா அது உலகத்துல ஒண்ணே ஒண்ணு, இங்க எல்லா பட்டறைலயும் அதே பிள்ளையார், அதே புத்தர். 1957லேந்து அங்க அரசு சிற்பக் கல்லூரி நடக்குது, 2017ல மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, ஆனா தாள அளவு, அதாவது சிலைல முகம், கை, உடம்பு எவ்வளவு இருக்கணும்ங்கற பழைய கணக்கு, அது மாறாம செய்யறதுதான் இந்த மரபோட பெருமையே, அதுல ஆளோட கையெழுத்த எங்க தேடறது? அந்தப் பெரியவர்கிட்டயே இதக் கேட்டோம். அவர் பதில் சொல்லாம, சாமி வேணுமா வேற வேணுமான்னு கேட்டார். தபசுப் பாறைல ஒரு மான் பின்னங்கால தூக்கி மூக்கச் சொறியும், அது வேணும்னு என் மனைவி சொன்னா. அவர் முகம் மாறிடுச்சு, பத்து வருஷமா யாரும் கேக்கலம்மான்னார்.

இரண்டு மாசம் ஆச்சு. ரெண்டு அடிக்குக் கொஞ்சம் கம்மி, நாப்பதாயிரம். பாறைல அது புடைப்புச் சிற்பம், இவர் செஞ்சது நாலு பக்கமும் சுத்திப் பாக்கற மாதிரி, அதனால தூக்கின அந்தக் கால் தனியா நின்னா உடைஞ்சிடும்னு காலுக்கும் கழுத்துக்கும் நடுவுல விரல் தடிமனுக்கு கல்ல விட்டுட்டு, அத ஒரு கொடி இலையா மாத்திட்டார். தபசுப் பாறைல அந்த இலை கிடையாது. என் மனைவி தேடின கையெழுத்து அதுதான்.

கல்லோட சங்கடத்தையும் சொல்லணும். தூக்கறதுக்கு நாலு ஆள், கயிறு, பழைய ஸ்கூட்டர் டயர் ஒண்ணு, டயர் மேல இறக்கி உருட்டி உருட்டித்தான் ஹாலுக்குக் கொண்டு வந்தோம். மாடி வீட்டுக்காரங்களும் வாடகை வீட்டுக்காரங்களும் ரெண்டு தடவ யோசிக்கணும். எண்ணெய் தடவச் சொல்வாங்க, கறுப்பா பளபளன்னு இருக்கும், ஆனா தூசியும் உப்பும் அதுல பிசினா ஒட்டும், நாங்க ஒரு தடவ தடவிட்டு நிறுத்திட்டோம். திரும்ப விக்கறதப் பத்தி பேசினா ஓவியம்தான் முன்னாடி நிக்கும், சோழமண்டலத்துப் பெரிய பேருங்களோட படங்கள் ஏலத்துக்குப் போகுது, பட்டறைச் சிலைக்கு அப்படி ஒரு சந்தை கிடையாது. நான் ரெண்டையும் வித்ததில்ல, விக்கற எண்ணத்துல வாங்கவும் இல்ல.

ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவுல ஒரு உள்சுவர் இருக்கு, கடல் காத்து படாத ஒரே சுவர், அதுல ஆணி கூட அடிக்காம காலியா விட்டிருக்கோம். அந்த நீலமும் செங்காவியும் கலந்த கேன்வாஸ் வித்துப் போயிருக்கும், பரவால்ல, அடுத்த பொங்கலுக்கு அப்புறம் ஈஞ்சம்பாக்கம் போறோம். கல்லு பாக்க மாமல்லபுரம் போறவங்க ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டுப் போங்க, சிலை மேல ஊத்திட்டு அஞ்சு நிமிஷம் நில்லுங்க, மத்த இடம் காஞ்ச பிறகும் கறுப்பா ஒரு கோடு நின்னா அதான் விரிசல்.