டீசலா, பெட்ரோலா, ஹைபிரிட்டா? மாதக் கிலோமீட்டரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

ஷோரூமில் கால் வைத்ததும் வரும் முதல் கேள்வி: "மாசம் எவ்வளவு சார் ஓடும்?" ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் என்றால் டீசல், கீழே என்றால் பெட்ரோல் என்று ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருபத்தைந்து ரூபாய் இடைவெளி இருந்த காலத்துக் கணக்கு அது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு இடைவெளி சுருங்கிவிட்டது. 2025-ல் சென்னையில் பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டியும் டீசல் 92-ஐ ஒட்டியும் நின்றன. அந்த இடைவெளிக்குப் பழைய வாய்ப்பாடு உதவாது.

நான் டீசல் பக்கம் சாய்ந்தவன், எடுத்ததும் டீசல்தான். அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள். ஒப்பீட்டுக்கு நடுத்தர எஸ்.யூ.வி.க்களையே எடுத்துக்கொள்கிறேன்: ஹூண்டாய் க்ரெட்டாவின் 1.5 டீசல், அதே வண்டியின் டர்போ இல்லாத 1.5 பெட்ரோல், பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரி மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் டொயோட்டா ஹைரைடரின் ஸ்ட்ராங் ஹைபிரிட் (மாருதி கிராண்ட் விட்டாராவிலும் இதே எஞ்சின்தான்).

சான்றிதழ் மைலேஜ், மேனுவல் டீசலுக்கு லிட்டருக்கு 21.8 கி.மீ., மேனுவல் பெட்ரோலுக்கு 17.4, ஹைபிரிட்டுக்கு 27.97. ரோட்டில் இது வராது என்பது தெரிந்த கதை. ஏ.சி. போட்டு நகரத்துக்குள் ஓட்டினால் டீசல் 13, பெட்ரோல் 10 சொச்சம், ஹைபிரிட் 22 என்று வைத்துக்கொள்ளலாம். நூறில் போகும் ஹைவேயில் டீசல் 19, பெட்ரோல் 15, ஹைபிரிட் 18. ஆக, ஊருக்குள் கிலோமீட்டருக்கு ஹைபிரிட் நாலரை ரூபாய், டீசல் ஏழு, பெட்ரோல் ஒன்பதரை. ஹைவேயில் டீசல் ஐந்துக்குள், ஹைபிரிட் ஐந்தரை, பெட்ரோல் ஆறேமுக்கால். போதாததற்கு, எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இருபது சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் வந்தபின் பெட்ரோல், ஹைபிரிட் இரண்டுக்கும் கொஞ்சம் மைலேஜ் அடி உண்டு.

பெட்ரோலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலை குறைவு, பராமரிப்பு சுலபம், மலையேற்றத்தில் மூச்சு வாங்கும். டீசலுக்கு வேரியன்ட்டைப் பொறுத்து ஒன்றரை லட்சம் கூடுதல் என்றால், கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சத்தில் அந்தப் பணம் திரும்ப 75,000 கி.மீ. ஓட வேண்டும். ஹைபிரிட் ஊருக்குள் ராஜா, அதில் சந்தேகமே இல்லை. பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரன்ட்டியும் உண்டு. ஆனால் பேட்டரி டிக்கியில் இடத்தைத் தின்றுவிடுகிறது. ஐந்து பேர், லக்கேஜோடு ஏற்காடு ஏறும்போது எஞ்சின் கத்தும் கத்தலும் கேட்கச் சகிக்காது. டீசலின் 250 நியூட்டன் மீட்டர் இழுவை 1500 ஆர்.பி.எம்.மிலேயே கிடைப்பதன் அருமை அங்கேதான் தெரியும்.

சரி, அப்படியானால் எல்லோரும் டீசல் எடுக்கலாமா? கூடாது. காரணம் டி.பி.எஃப். என்ற புகை வடிகட்டி.

2020 ஏப்ரல் 1-ல் வண்டிப் புகைக்கான விதிகளில் பி.எஸ்.4-இலிருந்து நேராக பி.எஸ்.6-க்குத் தாவினோம். டீசல் காரின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கி.மீ.க்கு 0.25 கிராமிலிருந்து 0.08-ஆகவும், துகள் வரம்பு 0.025-லிருந்து 0.0045 கிராமாகவும் இறங்கின. துகள் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. வடிகட்டி இல்லாமல் இது நடக்காது. 2023 ஏப்ரலில் இருந்து, சோதனைக்கூடத்தில் மட்டுமின்றி ரோட்டில் ஓடும்போதும் கருவி பொருத்தி அளக்கிறார்கள். மாருதி 2020-லேயே டீசலை நிறுத்தியதும், ஹோண்டா 2023-ல் கைகழுவியதும் இந்தச் செலவுக் கணக்கால்தான்.

வடிகட்டியில் சேரும் கரியை வண்டி தானே எரித்துக்கொள்ள வேண்டும். ஹைவேயில் புகைக்குழாய் சூடாக இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தானே எரியும். மீதிக்கு, சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை, கம்ப்யூட்டர் கூடுதல் டீசலைப் பீய்ச்சி வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றும். இதுதான் ரீஜெனரேஷன். பத்திலிருந்து இருபது நிமிடம் பிடிக்கும், வண்டியும் ஓரளவு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நடக்கும்போது கவனித்தால் தெரியும்: ஐடிலிங் ஆயிரத்துக்கு ஏறும், ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது, மைலேஜ் மீட்டர் திடீரென்று சரியும், வண்டியை நிறுத்தினால் ஃபேன் முழுவேகத்தில் இரைவதோடு ஒரு காந்தல் வாடையும் வரும். அந்த நேரத்தில் வீடு வந்துவிட்டது என்று சாவியைத் திருப்பினால் எரிப்பு பாதியில் நிற்கும். ஒருமுறை நின்றால் பரவாயில்லை. தினமும் நின்றால் இரண்டு கேடு. கரி கூடிக்கொண்டே போகும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கும். மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் மேல் கோட்டைத் தாண்டி ஏறி, டீசல் வாடையும் அடித்தால், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ஒரு தடவை வண்டியை எடுத்தால் எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடும் என்பது. வேளச்சேரியிலிருந்து தி.நகருக்குத் தினமும் நெரிசலில் போய்வந்து, மற்ற நேரமும் ஊருக்குள்ளேயே சுற்றி மாதம் ஆயிரத்தைந்நூறு ஓட்டுபவருக்கு டீசல் தலைவலி. மாதம் எண்ணூறுதான், ஆனால் அதில் இரண்டு தடவை விழுப்புரம் பக்கம் போய்வருகிறார் என்றால் டி.பி.எஃப். என்ற ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. நகரவாசி டீசல் எடுத்தே தீருவேன் என்றால் வாரம் ஒருமுறை வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை போன்ற இடத்தில் அரைமணி நேரம் ஓட்டட்டும்.

டி.பி.எஃப். விளக்கு எரிந்தால் பயப்பட வேண்டாம். டேங்கில் கால்வாசிக்கு மேல் டீசல் இருக்கிறதா என்று பாருங்கள். குறைவாக இருந்தால் பல வண்டிகளில் ரீஜெனரேஷன் தொடங்காது. பிறகு ஹைவேக்குப் போய் ஒரு கியர் குறைத்து, 2000 ஆர்.பி.எம்.முக்கு மேல், 60-80 கி.மீ. வேகத்தில், விளக்கு அணையும்வரை ஓட்டுங்கள். இருபது இருபத்தைந்து நிமிடத்தில் அணைந்துவிடும். கூடவே செக் எஞ்சின் விளக்கும் எரிந்தால் மேற்கொண்டு ஓட்டாமல் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். ஸ்கேனர் மாட்டி, நிறுத்திய நிலையில் எரிப்பார்கள். அதன்பின் ஆயிலையும் மாற்றச் சொல்லுங்கள். வெளியே சிலர் வடிகட்டியைக் கழற்றி பிரஷர் வாட்டர் அடித்துத் தருகிறார்கள். உள்ளே இருப்பது தேன்கூடு மாதிரி பீங்கான், அந்த அழுத்தத்தில் விரிசல் விடலாம்.

ஆயில் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கரி எரியும், சாம்பல் எரியாது. அந்தச் சாம்பல் பெரும்பாலும் ஆயிலில் உள்ள கால்சியம், துத்தநாகச் சேர்மங்களிலிருந்து வருவது. டின்னில், சாம்பல் குறைவான ஆயிலைக் குறிக்கும் ஏ.சி.இ.ஏ. சி2 அல்லது சி3 என்று, உங்கள் மேனுவலில் போட்டிருக்கும் தரம் இருக்க வேண்டும். பழைய லாரிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40-ஐ ஊற்றினால் வடிகட்டியின் ஆயுள் அந்த அளவுக்குக் குறையும்.

சில டீசல் கார்களில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க ஆட்ப்ளூ என்ற யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் சுமாருக்குச் செலவாகும், பெரிய காசில்லை. ஆனால் தீர்ந்துபோனால் அணைத்த எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. மொத்தமாக வாங்கி அடுக்கவும் வேண்டாம்: 35 டிகிரி வெப்பத்தில் அதன் ஆயுள் ஆறு மாதம்தான், நம்மூர் ஷெட்டில் அதற்கும் குறைவு. உர யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றும் யோசனை சொல்பவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள்.

மறுவிற்பனைக்கு வருவோம். பத்து வருட டீசலுக்குத் தடை என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. அதற்குக் காரணமான தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2015 உத்தரவும் 2018-ல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்ததும் டெல்லி வட்டாரத்துக்கானவை. தமிழ்நாட்டில் பெட்ரோலைப் போலவே டீசலுக்கும் 15 வருடப் பதிவு, அதன்பின் எஃப்.சி. எடுத்து ஐந்தைந்து வருடமாக நீட்டிப்பு. இங்கே மட்டும் கொஞ்சம் தயங்கியே பேச வேண்டியிருக்கிறது. பி.எஸ்.6 டீசல்கள் 2020-ல் வந்தவை. பத்து வருடம், இரண்டு லட்சம் கி.மீ. கழித்து அந்த வடிகட்டிகள் நம்மூர் வெயிலிலும் தூசியிலும் எப்படி இருக்கும் என்பதற்கு அனுபவம் இனிமேல்தான் சேர வேண்டும். வாங்குமுன் பார்ட்ஸ் கவுன்டரில் புதிய டி.பி.எஃப். விலையைக் கேட்டுவிடுங்கள். அதைக் கேட்டபிறகும் மனம் மாறாவிட்டால் டீசல் எடுக்கலாம்.

பழைய பி.எஸ்.6 டீசல் வாங்குபவர் பி.யூ.சி. என்ற புகைச் சோதனைச் சான்றை நம்ப வேண்டாம். அது புகையின் அடர்த்தியை மட்டும் பார்க்கிறது, வடிகட்டியைக் கழற்றிய வண்டியும் தப்பிவிட வாய்ப்புண்டு. எஞ்சின் ஆறியபின் சைலன்ஸர் முனைக்குள் விரலை விட்டுத் தேயுங்கள். வடிகட்டி முழுசாக இருந்தால் விரல் ஏறக்குறைய சுத்தமாகவே வரும். மை போலக் கரி ஒட்டினால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது அங்கே இல்லவே இல்லை. அடுத்தது ஸ்கேனர்: இரண்டு ரீஜெனரேஷனுக்கு இடையே வண்டி எத்தனை கி.மீ. ஓடியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். முந்நூறு, நானூறு என்றால் சரி. நூறுக்குள் இருந்தால் புது டி.பி.எஃப். விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.