அழகர் நேரலையை வகுப்பில் காட்ட: பதிவா, லிங்கா, அனுமதியா?

அழகர் வைகையில் இறங்கும் நேரலையை விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களுக்குப் பாடமாக வைக்கிறேன். அழகர் உடுத்தி வரும் பட்டு என்ன நிறம் என்று கூட்டம் காத்திருக்கும்போது கேமரா எங்கே நிற்கிறது, வர்ணனையாளர் எப்போது மௌனமாகிறார் என்று அலசப் பத்து நிமிடக் காட்சி போதும். அதை வகுப்புக்குக் கொண்டுவர மூன்று வழி உண்டு: செட்டாப் பாக்ஸில் பென்டிரைவ் செருகிப் பதிவு செய்வது, சேனல் யூடியூபில் ஏற்றியதன் லிங்கைத் தருவது, எழுதிக் கேட்டு அனுமதி வாங்குவது.

பதிவு செய்வது திருட்டு என்று நினைத்தே சக ஆசிரியர்கள் சிலர் ஒதுங்குகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 37ஆவது பிரிவு, ஒளிபரப்பியவருக்கு 25 ஆண்டு உரிமை தருகிறது. ஆனால் கற்பித்தலுக்கோ ஆராய்ச்சிக்கோ மட்டும் நேர்மையாகப் பதிவு செய்தால் அது உரிமை மீறல் ஆகாது என்று 39ஆவது பிரிவு சொல்கிறது. பாடத்துக்காகச் சில பகுதிகளை நியாயமான அளவில் எடுத்தாளவும் இடம் தருகிறது.

பயிற்சிப் பட்டறைகளில் "பத்து நாளில் காட்டணும், 45 நாளில் அழிக்கணும்" என்பார்கள். அது அமெரிக்காவின் 1981ஆம் ஆண்டு வழிகாட்டுதல், அங்கேயே சட்டமல்ல. நமக்கு ஏன் அந்தப் பயம்?

நாம் பயப்பட வேண்டியது 39ஆவது பிரிவில் உள்ள அந்த 'மட்டும்' என்ற சொல்லுக்கு. "சார், குரூப்ல போடுங்க, வீட்ல பாத்துக்கிறோம்" என்று மாணவர்கள் கேட்பார்கள். நான் போடுவதில்லை. வாட்ஸ்அப்பில் போன வீடியோ வகுப்போடு நிற்காது. பாடத்துக்காகத்தான் எடுத்தேன் என்ற என் வாதமும் அத்தோடு போய்விடும். லேபுக்கு வந்து எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கட்டும். இடையில் ஒலிக்கும் பாட்டுக்குத் தனி உரிமை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. அதற்கு 52ஆவது பிரிவைப் பார்க்க வேண்டும். அப்பிரிவில் உள்ள கற்பித்தல் விலக்கை, டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் விரிவாகவே பொருள் கொண்டது. அது புத்தகப் பக்கங்களை நகலெடுப்பது பற்றிய தீர்ப்புதான்; இருந்தாலும் ஆசிரியருக்குத் தெம்பு தருவது.

லிங்க் தருவதில் நகலெடுக்கும் சிக்கலே இல்லை. வீட்டுப் பாடத்துக்கு அதுதான் சரி. ஆனால் அதை நம்பி ஒருமுறை வகுப்புக்குள் போய் நின்றேன். சேனல் வீடியோவை நீக்கிவிட்டிருந்தது. மூன்று ஆண்டு நேரலைகளை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டிய பாடம், அன்று வாய்மொழியாகவே முடிந்தது.

பாடத்தை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றுவதென்றால் அனுமதி வாங்குவதுதான் பாதுகாப்பு. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக் காட்சிக்காக ஒரு சேனலுக்கு எழுதினேன். செமஸ்டர் முடிந்தும் பதில் இல்லை.

ஆகவே வகுப்புக்கு என் தேர்வு பதிவுதான். தேவையான பகுதியை மட்டும் வெட்டி, சேனல் பெயர், தேதி, நேரம் குறித்து லேப் கணினியில் வைக்கிறேன். இணையப் பாடத்துக்கோ மாணவர்களே கேமராவோடு தல்லாகுளம் போய், மதுரைக்கு வரும் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையைப் படம்பிடித்து வந்தார்கள்.