பெயர் ஒட்டாத குப்பியில் கண்ணாடி வண்ணம் வாங்காதீர்கள்

டர்பன் பக்கம் யாராவது கண்ணாடி ஓவியம் புதிதாகப் பழக நினைத்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுச் சாமி அறை ஜன்னலுக்கு ஒரு மயில் வரைய வேண்டும், தைப்பூசக் காவடிக்குள் முடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பெண் பெட்டி போட்டு விற்றார்: எட்டுக் குப்பி வண்ணம், கறுப்பு லைனர் ஒன்று, மாதிரிப் படம். 480 ராண்ட். "சுடவே வேண்டாம் ஆன்ட்டி, காய்ந்தால் போதும், கழுவினாலும் போகாது" என்றார். குப்பிகளில் பெயரே ஒட்டியிருக்கவில்லை. சரி, வீட்டில் செய்தது போல என்று வாங்கிவிட்டேன்.

ஜன்னல் அளவுக்கு வெட்டிய கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்து, படத்தை அடியில் வைத்து, லைனரால் கோடு இழுத்தேன். ஒரு நாள் காயவிட்டு அப்புறம்தான் வண்ணம் நிரப்பினேன். மூன்று நாள் கழித்து வெயிலில் தூக்கிப் பிடித்தால், மயில் கழுத்து ஒளிரவே இல்லை. கதவுக்கு அடித்த பெயிண்ட் மாதிரி அடைத்துக்கொண்டு நின்றது. ஈரத்துணியால் ஓரத்தைத் தொட்டதும் கழுத்து முழுவதும் வெங்காயத் தோல் போல உரிந்து கையோடு வந்தது.

நல்ல கண்ணாடி வண்ணத்தில் வெளிச்சம் ஊடுருவும். வாங்குமுன் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவிக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் கலந்து செய்யும் சில கண்ணாடி வண்ணங்கள் ஓவனில் சுட்டால்தான் பிடிக்கும். அந்த வகையில் விட்ரியா 160 என்ற வண்ணம் என்றால் 24 மணி நேரம் காயவிட்டு, 160 டிகிரியில் 40 நிமிடம். சூடான ஓவனில் திடீரென்று வைக்காதீர்கள், கண்ணாடி விரிசல் விடும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, நான் சரியாகக் காயவிடவில்லையாம். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி, குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சரிசெய்வதா, மாற்றித் தருவதா, பணமா என்று சொல்லும் உரிமை வாங்கியவருக்குத்தான். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் என்னை பிளாக் செய்துவிட்டார்.

480 ராண்டைக்கூட விடுங்கள். அதே மேசையில், டீக் குவளையின் உள்பக்கமும் இதில் வரையலாம் என்று இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன கலந்தது என்றே தெரியாத வண்ணம் அது. முறையான வண்ணத்தைக்கூட உள்பக்கத்திலும் வாய் படும் விளிம்பிலும் பூசக் கூடாது. யாராவது அப்படி வரைந்து வைத்திருந்தால், அதில் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றிக் கொடுக்காதீர்கள். பேனா போட்டு வையுங்கள்.