லாட்ஜ் வைத்தியரிடம் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. மின்சார ரயிலில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து, எக்மோர் பக்கம் ஒரு லாட்ஜில் மாதம் இரண்டு நாள் முகாம் போடும் வைத்தியரிடம் போனோம்.

கையில் ரிப்போர்ட் இருந்தது: மில்லிக்கு 90 லட்சம் விந்தணு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ்வரம்பு 1.6 கோடி. அவர் கவரைப் பிரிக்கக்கூட இல்லை. "நாடியே சொல்லுது தம்பி, சின்ன வயசுல செஞ்ச தப்பு" என்றார். பக்கத்தில் மனைவி. அந்தக் கூச்சத்தில்தான் பணத்தை எடுத்து வைத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அமுக்கரா, பூனைக்காலி, நெருஞ்சில் மூன்றையும் வடித்த எக்ஸ்ட்ராக்ட், ஒரு மண்டலத்துக்கு 18,500 ரூபாய். பில் கேட்டால் சிரிப்பு. பாட்டிலில் உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி எதுவும் இல்லை. ராத்திரிக்குத் தனியாக ஒரு காப்ஸ்யூல். அதைப் போட்டால் முகம் ஜிவ்வென்று சிவக்கும், மூக்கடைக்கும், தலை வலிக்கும். போனில் சொன்னால், "மருந்து வேலை செய்யுது."

48 நாள் கழித்து டெஸ்ட்: 80 லட்சம். இன்னொரு மண்டலம் சாப்பிடச் சொன்னார்.

அப்புறம்தான் யூராலஜிஸ்ட். நிற்க வைத்துக் கையால் தொட்டுப் பார்த்தே வெரிகோசீல் என்றார். விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறது, எண்ணிக்கை குறைய அதுவும் காரணமாகலாமாம். ஸ்கேனிலும் அதேதான். காப்ஸ்யூல் கதையைக் கேட்டவர், சில்டனாஃபில் (வயாகராவில் இருக்கும் மருந்து) கலந்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும், நெஞ்சுவலிக்கு நைட்ரேட் சாப்பிடுகிறவர் இதைப் போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். கலந்திருந்ததா என்று சோதிக்க ஒன்றைக்கூட நான் மிச்சம் வைக்கவில்லை.

விந்தணு உருவாகி முதிரவே 70 நாளுக்கு மேல் ஆகுமாம். 48 நாளில் எண்ணிக்கை எகிறும் என்றபோதே யோசித்திருக்கலாம்.

மூலிகையைக் குறை சொல்லவில்லை. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 46 பேரை வைத்து, 90 நாள் அமுக்கரா எக்ஸ்ட்ராக்ட் கொடுத்துப் பார்த்து, எண்ணிக்கை கூடியதாகவே எழுதியிருக்கிறார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் என்ன, எவ்வளவு கொடுத்தோம் என்றாவது அவர்களுக்குத் தெரியும். சித்த மருத்துவம்தான் வேண்டுமென்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது.

ஆண்மைக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நேற்றும் ரயிலில் அதே நோட்டீஸ். லாட்ஜ் மட்டும் மாறியிருந்தது.